உதறல்

ஏப்ரல் 27, வியாழன்

பைக் ஓட்டுகிற மரக்கிணறு எழுந்து நின்றுவிட்டது. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்குக் கடைசிப் பலகையை முடுக்கினோம். மேலே ஜனங்கள் நிற்கிற மேடைக்குக் கம்பி கட்டுவதுதான் பாக்கி. நாளைக்கு மாரியம்மன் கோயிலில் கொடியேற்றம். பதினைந்து நாள் இந்தத் திடலில்தான் இருப்போம்.

வாசல் போர்டைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். 'மரணக் கிணற்றில் மீண்டும் வீராங்கனை எமல்டா'. படத்தில் என் மனைவி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பைக் ஓட்டுகிறாள். சிவப்பு ஜாக்கெட் போட்டிருக்கிறாள். அவளிடம் சிவப்பில் ஒரு துணியும் கிடையாது.

தினமும் வண்டிகளில் என்ன பார்த்தேன், என்ன மாற்றினேன் என்று எழுதி வைக்கச் சொல்லி முதலாளி பெத்தணசாமி இந்த நோட்டைக் கொடுத்தார். லைசென்ஸுக்குக் கேட்பார்களாம். அவர் படிக்கப் போவதில்லை, அதனால் மற்றதையும் எழுதலாம் என்று இருக்கிறேன். மூன்று வண்டி: என்னுடையது, எமல்டாவுடையது, சுருளியுடையது. மூன்றுமே பழைய நூறு சிசி டூ ஸ்ட்ரோக். ஓட்டுவதும் நாங்கள் மூன்று பேர்தான். மெக்கானிக் நான். பன்னிரண்டு வருஷமாக எமல்டா வண்டியில் வேறு யார் ஸ்பேனரும் பட்டதில்லை.

போன ஆடியில் விழுந்தபிறகு அவள் கிணற்றுக்குள் இறங்கியது இன்றைக்குத்தான். காறை எலும்பு கூடி ஆறு மாசம் ஆகிறது. சாயங்காலம் ஒத்திகை. தரையில் ஒரு சுற்று, சுவர் தொடங்குகிற சரிவுப் பலகையில் இரண்டு சுற்று. சுவருக்கு ஏறவில்லை. இறங்கிவந்து எஞ்சினை அணைத்துவிட்டுச் சொன்னாள்:

“ஏங்க, கிளம்பும்போது கிளட்ச் உதறுது.”

“கொஞ்ச நாள் ஓடாம நின்ன வண்டி. நாளைக்குப் பார்க்கிறேன்” என்றேன்.

ஏப்ரல் 28, வெள்ளி

கிளட்ச் கேபிளைக் கழற்றினேன். நுனியில் இரண்டு இழை அறுந்திருந்தது. கேபிள் கரகரத்தால் லிவர் சீராக விடாது, விட்டுவிட்டுப் பிடிக்கும், வண்டி உதறும். புதுக் கேபிள் போட்டு, நட்டத் தொங்கவிட்டு, கீழே சொட்டுகிறவரைக்கும் எண்ணெய் விட்டேன். லிவர் ஆட்டத்தைக் குறைத்தேன். கியர் ஆயிலையும் மாற்றினேன்.

முதல் நாள் என்பதால் நான்கு ஆட்டம். எமல்டா நான்கிலும் ஏறினாள், ஆனால் சுவரில் பாதிதான். முன்னெல்லாம் மேலே மஞ்சள் கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குவாள்.

“இப்ப எப்படி இருக்கு?”

“இருக்கு.”

ஏப்ரல் 29, சனி

சுருளியை விட்டு அவள் வண்டியை ஓட்டச் சொன்னேன். அவன் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு கிளட்ச்சைப் பட்டென்று விடுகிற ஆள். ஒரே மூச்சில் மேலே போய்விட்டு வந்தான்.

“ஒண்ணுமில்லண்ணே. வெண்ணெய் மாதிரி எடுக்குது.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “வண்டிக்கு உதறல் இல்ல. அக்காவுக்குத்தான் உதறல் எடுத்திருக்கும்போல” என்றான்.

நானும் சிரித்தேன். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எமல்டா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 30, ஞாயிறு

இன்றைக்குக் கிளட்ச்சைப் பிரித்தேன். வண்டியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கப் போட்டு வலப்பக்க மூடியைக் கழற்றினால் ஆயில் கொட்டாது. எமல்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தினேன். ஒன்று நகக்கண் அளவு குட்டை. இரும்புத் தட்டுகள் கோணியிருக்கிறதா என்று பார்க்கச் சமதளம் வேண்டும். எமல்டா முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து தரையில் மல்லாத்தி வைத்தாள். ஒவ்வொரு தட்டாக அதன்மேல் வைத்து விளிம்புக்கு அடியில் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தேன். மூன்றாவது தட்டில் தகடு உள்ளே போனது. அதைத் தூக்கிப் போட்டேன். கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்து கண்ணாடிபோல் பளபளத்தன, உப்புத்தாளில் தேய்த்தேன்.

கடைசியில்தான் பிளேட்டுகள் அடுக்கி உட்காருகிற கிண்ணத்தை, ஹவுசிங்கை, பார்த்தேன். பிளேட்டின் காதுகள் நுழைகிற வரிகளில் பல் பல்லாகப் பள்ளம் விழுந்திருந்தது. பிளேட் நகரும்போது அந்தப் பள்ளத்தில் சிக்கிச் சிக்கி விடும். உதறுகிற வண்டிகளில் பாதிக்குக் காரணம் இதுதான். கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது. பொடி அரத்தால் ஒவ்வொரு வரியாக ராவினேன். இரண்டு மணி நேரம்.

அப்போது எமல்டா கேட்டாள். “அன்னைக்கும் இப்படித்தான் உதறுச்சா?”

“என்னைக்கு?”

“நான் விழுந்தன்னைக்கு.”

“இல்லையே.”

“ஏறுனது ஞாபகம் இருக்கு. மஞ்சக்கோடு பக்கத்துல வந்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரி விளக்குதான். நடுவுல என்ன நடந்துச்சுன்னு எப்படி யோசிச்சாலும் வரமாட்டேங்குது.”

“ஆக்சிலேட்டரை விட்டுட்ட. எத்தனை தடவை சொல்லிருக்கேன்.”

“ம்” என்றாள். வலது கையை விரித்து, மடக்கி, மறுபடியும் விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் துடைத்துப் பூட்டினேன். எஞ்சினைச் சேஸோடு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தோடு, பிடிக்கிற பவுண்டேஷன் போல்ட்டுகளை மேலோடு முடுக்கிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருக்கின்றன. சேஸில் பார்க்க ஒன்றும் இல்லை. அது போன வருஷமே நான் வெல்டு வைத்துப் பெயிண்ட் அடித்தது.

மே 1, திங்கள்

விடுமுறை நாள், மேடை தாங்காத கூட்டம். இரண்டாவது ஆட்டத்தில் எமல்டா சரிவுவரை போய் இறங்கிவிட்டாள். திரும்பக் கிளம்பினாள், திரும்ப இறங்கினாள். மேலேயிருந்து விசில். யாரோ தண்ணீர் பாட்டிலை உள்ளே போட்டான்.

ஆட்டம் முடிந்ததும் முதலாளி உள்ளே வந்தார். “என்ன தனிஸு, போர்டுல பேரு போட்டு வச்சிருக்கேன். ஜனங்க யாரைப் பார்க்க வர்றாங்க, உன்னையவா?”

“கிளட்ச்சு இன்னும் உதறுது முதலாளி” என்றாள் எமல்டா.

அவர் என்னைப் பார்த்தார். சுருளியும் பார்த்தான். நான்கு நாளாக நான் பிரித்துப் பூட்டிய வண்டி அது.

“வண்டியில ஒண்ணும் இல்ல முதலாளி. போன வருஷம் விழுந்த பயம். ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்” என்றேன்.

 அடுத்த ஆட்டத்தில் எமல்டா மஞ்சள் கோடுவரை போனாள். எதிர்த்திசையில் நான் வருகிறேன், ஒவ்வொரு சுற்றிலும் அவள் முகம் ஒரு கணம் தெரிகிறது. பல்லைக் கடித்திருந்தாள். இறங்கி வண்டியை நிறுத்திவிட்டு என்னைத் தாண்டிப் போகும்போது ஒரே சொல்தான்.

“இருக்கு.”

மே 2, செவ்வாய்

ஐந்து ஆட்டம். ஐந்திலும் கோட்டைத் தொட்டாள். ஒவ்வொரு தடவையும் “இருக்கு” என்றாள். நான் கேட்கவில்லை.

மே 3, புதன்

விடியற்காலையில் பின்பக்கம் போனபோது பார்த்தேன். எமல்டா கவிழ்த்த டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தாள். விறகுக் கட்டையில் துண்டைச் சுற்றி வலது கையில் பிடித்திருந்தாள். ஆக்சிலேட்டரை முறுக்குகிறமாதிரி முறுக்கி, விடாமல் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். எழுபது, எழுபத்தொன்று. நூறு வந்ததும் கையை உதறிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து.

அவள் பார்க்கிறதற்குள் திரும்பி வந்துவிட்டேன்.

பத்து மணிக்குக் கோடைமழை பிடித்தது. பலகை நனைந்தால் ஆட்டம் இல்லை. மழையோடு மழையாக மதுரைக்குப் பஸ் ஏறி, பழைய சாமான் கடையில் வேறு ஹவுசிங் வாங்கிவந்தேன். பழைய ஹவுசிங்கில் பல்சக்கரத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் தேய்ந்துபோய், கையால் திருப்பினாலே டொக்கு டொக்கென்று ஆடுகிறது. போகும்போதும் வரும்போதும் அந்த ரப்பரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கிளட்ச் பிடிக்கிற நேரத்தில் அந்த ஆட்டம்தான் உதறலாக வருகிறது. அதேதான். வேறு எதுவும் இருக்க முடியாது.

சாயங்காலம் பூட்டிக்கொண்டிருந்தபோது எமல்டா வந்தாள். திங்கட்கிழமைக்கு அப்புறம் அவளாக வந்து பேசியது இப்போதுதான்.

“ஒண்ணு கவனிச்சேன். உதறல் கையில வரல. லிவரைப் பிடிச்சிருக்கதால கையின்னு நினைச்சுட்டேன். முதல்ல கால்லதான் வருது. உள்ளங்கால்ல.”

எமல்டா எப்போதும் வெறுங்காலோடுதான் ஓட்டுவாள். நானும் சுருளியும் ஷூ.

“கால்ல எப்படி கிளட்ச்சு உதறும்?” என்றேன்.

“அது எனக்கென்ன தெரியும். நீங்கதான மெக்கானிக்கு.”

கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் கிளட்ச்சில் மாட்டியிருக்கவில்லை, சேஸில் மாட்டியிருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. மூடியைப் பூட்டினேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இரண்டு தடவை முடுக்கினேன்.

மே 4, வியாழன்

புது ஹவுசிங்கோடு முதல் ஆட்டம். “இருக்கு.”

முதலாளி மதியம் வந்து உட்கார்ந்தார். நாளைக்குத் தேர். ஊரே திடலுக்கு வரும். எமல்டா ஆக்சிலேட்டரைப் பூட்டிவிட்டு இரண்டு கையையும் விட்டு ஓட்ட வேண்டும், போர்டில் இருக்கிறமாதிரி. முடியாதென்றால் சேலத்தில் ஒரு புருஷன் பொண்டாட்டி சும்மா இருக்கிறார்கள், காலையில் வந்துவிடுவார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் எமல்டா சொன்னாள். “பண்றேன் முதலாளி.”

அவர் போனபிறகு அவளிடம் கெஞ்சினேன். இந்த வருஷம் வேண்டாம், கை இன்னும் பழகவில்லை, சேலத்துக்காரர்கள் வந்தால் வரட்டும். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“அன்னைக்கு விட்டது என் கைதானே? என் கை பண்ணுன தப்ப என் கைதான் சரி பண்ணணும். இல்லன்னா நான் சாகிறவரைக்கும் எல்லாரும் பயந்தாங்கொள்ளின்னுதான் சொல்லுவீங்க.”

'எல்லாரும்' என்று சொல்லிவிட்டு 'சொல்லுவீங்க' என்று முடித்தாள்.



மே 5, வெள்ளி

கிளட்ச்சில் இல்லை.

காலையில் எமல்டா காய்கறி வாங்கப் போனதும் அவள் வண்டியைக் கிணற்றுக்குள் உருட்டினேன். ஷூவைக் கழற்றினேன். அவள் கிளம்புகிறமாதிரியே முதல் கியரில் மெதுவாக, லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். வண்டி சரிவில் ஏறி எஞ்சின் இழுக்க ஆரம்பித்ததும் வந்தது. இடது உள்ளங்காலுக்கு அடியில் ஒரு நடுக்கம். அதற்கு அப்புறம்தான் கைக்கு வந்தது. மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் அப்படியே.

எஞ்சின் இழுக்கும்போது அதைத் தாங்குகிற இடம் விரிகிறது. சேர்கிறது, மறுபடி விரிகிறது. வண்டி ஸ்டாண்டில் நின்றால் மூடிக்கொள்ளும். யார் பார்த்தாலும் தெரியாது.

எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எட்டு நாளாகத் தெரியும் என்றுதான் எழுத வேண்டும்.

எஞ்சினை இறக்கினேன். சேஸின் கீழ்க்குழாயில், முன் பவுண்டேஷன் போல்ட்டுக்கு மேலே, போன வருஷம் நான் அடித்த கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினேன். மண்ணெண்ணெயை ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினேன். ஒரு நிமிஷம் வெள்ளையாக இருந்தது. அப்புறம் விரிசலுக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெய் மெல்ல மேலே வந்து பொடியை நனைத்தது. முடி கனத்தில் ஒரு கோடு. என் வெல்டின் ஓரத்திலேயே தொடங்கிக் குழாயை முக்கால் சுற்று சுற்றியிருந்தது.

சுவரில் ஓடும்போது ஆளும் வண்டியும் இரண்டு மூன்று மடங்கு கனமாகிவிடும். கால் பங்குக் குழாயின்மேல் என் மனைவி மூன்று நாள் மஞ்சள் கோடுவரைக்கும் போய்வந்திருக்கிறாள். இன்று சாயங்காலம் இரண்டு கையையும் விட்டிருப்பாள்.

முதலில் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் வர ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் இன்னொரு வெல்டு வைத்துப் பெயிண்ட் அடித்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். வெல்டிங் செட் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடவும் செய்தேன்.

அந்த நேரத்தில் முதலாளி வந்துவிட்டார். வெள்ளைப் பொடியில் கோட்டைப் பார்த்தார்.

“இதுவா? பட்டுன்னு ஒரு வெல்டு வச்சிரு. அஞ்சு மணிக்கு வண்டி நிக்கணும். எமல்டா பயந்தா சுருளி ஏறட்டும்.”

“இது தாங்காது முதலாளி.”

“போன வருஷம் தாங்கும்னு நீதானப்பா வச்ச?”

அவர் சொன்னதில் பொய்யில்லை. டூல் பெட்டியிலிருந்து ஹாக்ஸா பிளேடை எடுத்தேன். கீழ்க்குழாயை அறுத்தேன், அப்புறம் மேல்குழாயை. முதலாளி கத்தினார், சட்டையைப் பிடித்து இழுத்தார், சுருளியைக் கூப்பிட்டார். சுருளி வந்து கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். சேஸ் இரண்டாக விழுந்தது.

இன்றைக்கே திடலை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

எமல்டா பையோடு வந்து வாசலில் நின்றாள். விரிசலைப் பற்றிச் சொன்னேன். எப்படி உதறியது, ஏன் காலில் வந்தது, ஏன் சுருளிக்குத் தெரியவில்லை என்று எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள், முகம் மாறிக்கொண்டே வந்தது. சுருளியைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வருஷத்தில் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

“பார்த்தியாடா? உதறல் யாருக்குன்னு பார்த்தியா?”

“தப்புதான்க்கா” என்றான் அவன்.

இதற்கு மேல் அவளிடம் சொல்ல வேண்டியது இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு எனக்குத் தைரியம் வரவில்லை. சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன்.

மே 6, சனி

திண்டுக்கல் வீட்டுக்கு வந்துவிட்டோம். மகள் ஜெனிட்டா பள்ளி லீவுக்கு எமல்டாவின் அக்கா வீட்டில் இருக்கிறாள், அதனால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அறுத்த குழாய்த் துண்டை எமல்டா பையில் போட்டு எடுத்துவந்திருந்தாள். காலையில் காபி குடித்துவிட்டு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரிசல் இருந்த இடத்தில் கையால் வளைத்தாள், மளுக்கென்று விட்டுவிட்டது. உள்வாயைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து இரும்பைப் பார்த்தவள்.

“நான் விழுந்து எத்தனாவது நாள் வெல்டு வச்சீங்க?”

“நாலாவது நாள்.”

“வெல்டுக்கு அடியில இவ்வளவு துரு இருக்கு. துருமேலயே வச்சிருக்கீங்க, அதான் பிடிக்கல. நாலு நாள்ல இவ்வளவு துரு ஏறுமா?”

நான் காபி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன்.

“ஏறாதுல்ல? அப்ப நான் விழுகிறதுக்கு முன்னாடியே விரிசல் விட்டிருக்கு. ரொம்ப நாளைக்கு முன்னாடியே.”

மழைத் தண்ணி இறங்கியிருக்கும் என்று சொல்லலாம். ஆஸ்பத்திரிக்கும் திடலுக்கும் அலைந்ததில் நாள் மறந்துவிட்டது, பத்து நாள் இருக்கும் என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தது.

“ஆமா” என்றேன். “சேஸ் ஏற்கெனவே பாதி விட்டிருந்துச்சு. சுவர்ல மிச்சமும் விட்டிருச்சு. வண்டிதான் உன்னைத் தள்ளிவிட்டுச்சு.”

“அப்ப நான் ஆக்சிலேட்டரை விடல.”

“விடல.”

“விட்டேன்னு நீங்க பார்த்தீங்களா?”

“பார்க்கல. நான் எதிர்ப்பக்கம் இருந்தேன். முதலாளி வந்து வண்டியா ஆளான்னு கேட்டார். வண்டின்னு சொன்னா மெக்கானிக் நான்தானே. சட்டுன்னு வாயில வந்துருச்சு. அன்னைக்கு எனக்கே தெரியாது, சத்தியமா. நாலாம் நாள் சேஸைப் பிரிச்சப்பதான் துருவைப் பார்த்தேன்.”

“பார்த்துட்டு?”

“மூடிட்டேன்.”

அவள் அந்தத் துண்டைத் தரையில் வைத்தாள். பிறகு பேசியபோது குரல் ஏறவே இல்லை.

“ஒரு வருஷமா இந்தக் கையை அடிச்சிருக்கேன். தெரியுமா உனக்கு? ஜெனிட்டாவ இந்தக் கையால தூக்குறதுக்குப் பயந்திருக்கேன். அடுப்புல இருந்து சட்டியை இறக்குறப்பகூட விட்டுருவேனோன்னு இடது கையில இறக்குவேன். விடியக்காலைல உக்காந்து துண்டை முறுக்கிக்கிட்டு நூறு நூறா எண்ணுவேன்.”

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னை 'நீ' என்கிறாள்.

“பார்த்தேன்” என்றேன்.

ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. இனி எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்திருப்பேன்.

“என்ன பார்த்த?”

“நீ எண்ணுறத. புதன்கிழமை.”

“பார்த்துட்டுமா சும்மா இருந்த?”

 அவள் எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பையோடு வெளியே வந்து செருப்பை மாட்டினாள். கதவைச் சாத்தாமல் போய்விட்டாள்.

மே 7, ஞாயிறு

சர்ச் பூசைக்குப் போகவில்லை. எமல்டா அவள் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள் என்று அக்காவின் வீட்டுக்காரர் போனில் சொன்னார். “வராதீங்க” என்றும் சொன்னார்.

மே 8, திங்கள்

கேபிள், ஆயில், ஸ்பிரிங், தட்டு, பிளேட், ஹவுசிங். முன்பக்கம் எழுதியிருப்பதையெல்லாம் திருப்பிப் படித்தேன். எவ்வளவு உழைத்திருக்கிறேன் என்று யாராவது நினைக்கலாம். ஒரு இடத்தைப் பார்க்காமலிருக்க மீதி எல்லா இடத்தையும் பார்த்திருக்கிறேன்.

மே 11, வியாழன்

சுருளி போன் பண்ணினான். சேலத்து ஜோடி வந்துவிட்டார்களாம். போர்டில் எமல்டா பெயரை மட்டும் அழித்துவிட்டுப் படத்தை அப்படியே வைத்திருக்கிறார்களாம். அவன் தன் வண்டியின் சேஸ் முழுவதும் மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தானாம். “நல்லா இருக்குண்ணே” என்றான். “உங்க வேலை நல்ல வேலைண்ணே” என்று சேர்த்துக்கொண்டான். அதோடு நான் போனை வைத்துவிட்டேன்.

பக்கத்துப் பட்டறையில் கூப்பிட்டார்கள், போகவில்லை. எதிர்வீட்டு ஸ்கூட்டரின் பிரேக் வயரை எடுத்தேன், மாட்டாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யார் உட்காரப்போகிற வண்டியோ என்று பயமாக இருக்கிறது.

மே 14, ஞாயிறு

ஜெனிட்டா பேசினாள். “அப்பா, அம்மா எனக்குக் கிளட்ச் எப்படி இருக்கும்னு வரைஞ்சு காட்டுனாங்க. பிளேட்டு, தட்டு, பிளேட்டு, தட்டுன்னு அடுக்கடுக்கா.”

“அம்மா பக்கத்துல இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“போனைக் கொடு” என்றேன். “அம்மா வேணாம்னு கையாட்டுறாங்கப்பா” என்றாள் பிள்ளை.

மே 17, புதன்

நான்கு நாளாகக் கஞ்சிதான். இன்று அதுவும் வைக்கவில்லை. மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றேன், என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவள் திரும்பி வர வேண்டும் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அவள் கை அவளுக்குத் திரும்பக் கிடைக்கட்டும் என்று கேட்டேன்.

மே 20, சனி

காலை எட்டு மணிக்கு எமல்டா வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள்.

“ராமநாதபுரம் பக்கம் ஆடிக்கு ஒரு கிணறு போடுறாங்க. சுருளி சொன்னான். நான் வர்றேன்னு சொல்லிட்டேன். நான் மட்டும்தான் ஓட்டுறேன்.”

“சரி” என்றேன்.

“வண்டி கட்டணும். மதுரையில போய் சேஸ் பார்க்கணும். எனக்குத் தெரிஞ்சதைவிட உனக்கு அதிகம் தெரியும். அதுக்காகத்தான் கூப்பிடுறேன். வேற எதுக்கும் இல்ல.”

பஸ்ஸில் அவள் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றுகொண்டேன். வாடிப்பட்டி தாண்டியதும் பக்கத்திலிருந்த அம்மா தூக்கம் வந்து மடியிலிருந்த குழந்தையை நழுவவிட்டாள். எமல்டா எட்டிப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வலது கையால்தான் பிடித்தாள். அவளே அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பழைய இரும்புக் கடையில் எங்கள் மாடல் சேஸ் மூன்று இருந்தது. எமல்டா என்னை முந்திக்கொண்டு போய், சாவியால் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தாள். முதலாவதில் கீழ்க்குழாய் நசுங்கியிருந்தது, அவளே ஒதுக்கினாள். இரண்டாவது கோணல், அதையும் அவளே பார்த்துவிட்டாள். மூன்றாவதை நிமிர்த்தி வெயிலில் பிடித்தாள். நேராக இருந்தது. போல்ட் துளைகள் தேயவில்லை, நம்பரும் தெளிவாக இருந்தது. சாவியால் நான்கைந்து இடத்தில் சுரண்டினாள், நல்ல இரும்புதான் தெரிந்தது.

“இந்த மாடல் இனிமே கிடைக்காதும்மா. மதுரை பூராத் தேடுனாலும் இது ஒண்ணுதான்” என்றார் கடைக்காரர்.

எமல்டா அதை என் பக்கம் திருப்பினாள். “இதுல என்ன இருக்கு? உண்மையைச் சொல்லு.”

குனிந்து அடியில் விரலை ஓட்டினேன். ஹேண்டில்பார் நுழைகிற கழுத்துக்குக் கீழே, இரண்டு குழாய் சேர்கிற மூலையில், பார்வைக்குத் தெரியாத இடத்தில், அரிசி அளவு ஒரு மேடு தட்டுப்பட்டது. ஓட்டை விழுந்து யாரோ அடைத்து, ராவி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நன்றாகவே அடைத்திருக்கிறார்கள். ஒருவேளை தாங்கலாம். இதையும் வேண்டாம் என்றால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் ஆடி இல்லை, அவள் என்னைக் கூப்பிடக் காரணமும் இல்லை.

“கழுத்துக்கு அடியில அடைச்சிருக்கான்” என்றேன். “வேண்டாம்.”

“எங்க?”

அவள் விரலைப் பிடிக்காமல் இடத்தை மட்டும் காட்டினேன். அவளாகத் தடவிக் கண்டுபிடித்தாள். அந்த மேட்டின்மேலேயே விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

“இவ்வளவு சின்னதா இருக்கு.”

“ஆமா.”

சேஸைக் கீழே சாய்த்து வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். கடைக்காரர் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தெருவில் இறங்கி அடுத்த கடையைப் பார்த்து நடந்தாள். பத்தடி போனதும் நின்று திரும்பினாள்.

“வா” என்றாள்.